வடிச்ச தண்ணி

ஏப்ரல் 14, 2025

வருஷப்பொறப்பு. மாங்கா பச்சடி கிண்டுனேன், வேப்பம்பூ எல்லாம் போட்டு, இல்லைன்னா அம்மா கனவுல வந்து கேப்பாங்க. அப்பாவுக்கு ஒரு ஸ்பூன். டீ ஸ்பூன். வாயில வெச்சுகிட்டு ரொம்ப நேரம் முழுங்கவே இல்ல, டிவிய பாத்துகிட்டே உக்காந்திருந்தாரு.

ஏப்ரல் 16

அப்பாவோட பொட்டாசியம் 5.9.

ஏப்ரல் 17

தூக்கமே வரல. போன மாசம் 5.2 தான் இருந்துச்சு. கிட்னி சரியா வேலை செய்யாததால பொட்டாசியம் ரத்தத்துலேயே தங்கிருது, 5.5 தாண்டுனா ஹார்ட்டுக்கு ஆகாதுன்னு உடனே ஈசிஜி எடுத்தாங்க, அதுல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, தண்ணியில கரைச்சு குடிக்கிற பவுடர் குடுத்து அனுப்பிட்டாங்க. மணல கரைச்சு குடிக்கிற மாதிரி இருக்குன்றாரு. டாக்டர் என்னைய பாத்து "வீட்ல என்னம்மா குடுத்தீங்க"ன்னு கேட்டாரே, அதான் போவ மாட்டேங்குது.

என்ன குடுத்தேன் நானு. உருளைக்கெழங்குன்னா தோல் சீவி பொடியா நறுக்கி வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு மணி நேரம் ஊறப்போட்டு அத கொட்டி, வேற தண்ணி நெறைய வெச்சு வேக வெச்சு அதையும் வடிச்சு கொட்டிட்டுதான் தாளிக்கிறேன், அதுவும் வாரத்துக்கு ஒருக்கா. கேரட், பீன்ஸ், சொரக்கா எல்லாத்துக்கும் இதே கதைதான். கீரை நிறுத்தி நாலு மாசம். வாழப்பழம் இல்ல, இளநீர் இல்ல, தக்காளி இல்ல, புளிய கண்ணுல காட்டுறேன் அவ்ளோதான். பருப்பு கரண்டி கணக்கு. ஊறுகா ஜாடிய பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்தாச்சு. இதுக்கு மேல என்னத்த வடிக்கிறது, என் ரத்தத்தையா?

அவரு எங்கயாச்சும் வெளிய சாப்புடுறாரா? தறிக்கு போடற பாவு நூல நீட்டற பாவடி தெடல் வரைக்கும்தான் நடக்குறாரு, தெனமும் அதே திண்ணை, அதே நாலு பேரு.

ஏப்ரல் 19

உப்பு.

தம்பி பெங்களூர்லருந்து ரெண்டு பாக்கெட் அனுப்புனான் இல்ல, லோ சோடியம் உப்பு, பிபிக்கு நல்லதுக்கா அப்பாவுக்கு இனிமே இதையே போடுன்னு. இன்னிக்கு டப்பாவுல கொட்டறப்ப சும்மா பின்னாடி பாத்தேன், எறும்பு எழுத்துல பொட்டாசியம் குளோரைடுன்னு போட்ருக்கு. சோடியத்த கொறைச்சுட்டு அந்த எடத்துல இத போட்டுதான் செய்றாங்களாம். மத்தவங்களுக்கு நல்லதுதான், பிபிக்கு நெஜமாவே நல்லதாம், கிட்னி போனவங்க மட்டும் தொடக்கூடாதாம். பதினெட்டு நாளா போட்ருக்கேன். நல்ல உப்புதானேன்னு ஒரு சிட்டிகை கூடவே போட்டேன். கெழங்க ரெண்டு தடவ வடிச்சு எடுத்துட்டு அதுமேல பொட்டாசியத்த என் கையாலேயே தூவிருக்கேன்.

டாக்டருக்கு போன் போட்டு சொன்னேன். திட்டல. திட்டிருக்கலாம்.

ஏப்ரல் 20

பாக்கெட்ட குப்பையில போட்டேன். அப்புறம் எடுத்து தொடச்சு அலமாரி மேல வெச்சேன். தம்பி வரட்டும்.

ஏப்ரல் 23

குக்கர மேல ஏத்திட்டேன். பரண்லருந்து அம்மாவோட பித்தளை வடிதட்ட எறக்கி புளி போட்டு தேச்சேன். ஒரு பக்கம் நசுங்கி இருக்கு, அது நான் அஞ்சாவது படிக்கிறப்ப கீழ போட்டது. சோத்த வடிச்சா கஞ்சியோட கொஞ்சம் பொட்டாசியமும் போயிரும், குக்கர்ல வெச்சா எல்லாம் உள்ளயே நிக்கும். மூணு தடவ கை சுட்டுகிட்டேன். துணிய புடிச்சுகிட்டு சட்டிய சாய்க்கிற அந்த பக்குவம் எனக்கு மறந்தே போயிருக்கு, அம்மா பேசிகிட்டே சாய்ப்பாங்க.

அப்பா எட்டி நின்னு பாத்துட்டு "மொத கொதியில வடிக்காத, ரெண்டாவது பொங்கறப்ப"ன்னாரு. இவருக்கு இது எப்படி தெரியும், தறியில உக்காந்தவரு அடுப்படி பக்கமே வந்ததில்லையே.

ஏப்ரல் 26

ஜவ்வரிசி. டயட்டீஷியன் எழுதி குடுத்த தாள்ல பளிச்சுன்னு டிக் போட்டு இருந்த ஒண்ணே ஒண்ணு. பொட்டாசியம் இல்ல, பாஸ்பரஸ் இல்ல, புரோட்டீனும் இல்ல, வெறும் மாவு. ஊர் பூரா ஜவ்வரிசி ஆலைய வெச்சுகிட்டு அது சத்தில்லாத சாமான்னு நாமளே சொல்லி சிரிச்சோம், இப்ப சத்தில்லாததுதான் இவருக்கு மருந்து. போன வருஷம் வரைக்கும் நான் இந்த வீட்ல ராகி சாமை தெனைன்னு எல்லாருக்கும் பாடம் எடுத்தவ.

கஞ்சியா காச்சி லேசா மோர் கலந்து குடுத்தேன். டம்ளர பாத்தாரு, என்னைய பாத்தாரு. "பாவுக்கு போடற கஞ்சிய எனக்கு ஊத்துறியா?" சிரிப்பு வந்துருச்சு எனக்கு. தாத்தா காலத்துல பாவடியில பாவு நீட்டி இந்த மாவு கஞ்சிதான் தடவுவாங்களாம், நூலு அறுந்துராம இருக்க. அப்புறம் அவரே ஆரம்பிச்சுட்டாரு, ரெண்டாம் உலகப்போர்ல மலேயாவுலருந்து கப்பல் வராம ஜவ்வரிசிக்கு தட்டுப்பாடாகி, அப்பதான் 1943 வாக்குல சேலத்துக்காரங்க நம்மூரு குச்சிக்கெழங்க அரைச்சு அதே மாதிரி உருட்டுனாங்கன்னு. 2023ல புவிசார் குறியீடு கூட குடுத்தாங்களேன்னேன். "குறியீடு குடுத்தா மட்டும் ருசி வந்துருமா"ன்னுட்டு முழுசையும் குடிச்சாரு.

அந்த கஞ்சியும் தண்ணி கணக்குலதான் வருது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்.

ஏப்ரல் 30

அத்தை ஏற்காட்லருந்து எறங்கி வந்துட்டு போயிருச்சு. போயிருச்சுன்னா கோவிச்சுகிட்டு போயிருச்சு.

நேத்து காலையில வந்துச்சு, இருவது கொண்டை ஊசி வளைவும் பஸ்ல நின்னுகிட்டேவாம், மலையில கூட்டம் ஆரம்பிச்சுருச்சாம். பையில பட்டர் ஃப்ரூட் ஆறு, பலாச்சொளை ஒரு தூக்கு, ராகி மாவு ரெண்டு படி, கீரை ஒரு கட்டு, மொளகு கால் கிலோ. மொளக தவிர மத்ததெல்லாம் அப்பாவுக்கு வெஷம். பட்டர் ஃப்ரூட்ல 100 கிராமுக்கு 480 மில்லிகிராம் பொட்டாசியம். அவருக்கு ஒரு நாளைக்கே மொத்தமா ரெண்டாயிரம்தான். இத எப்படி சொல்றது, அண்ணனுக்குன்னு மடியில வெச்சு கொண்டாந்துருக்கு. எல்லாத்தையும் நான் சாப்புடறேன் அத்தைன்னேன். "உனக்கா கொண்டாந்தேன்? எங்கண்ணன் வாய கட்டி போட்டுட்டியே கண்ணு"ன்னுச்சு.

இன்னிக்கு நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள அடுப்படியில புகுந்து ரசம் வெச்சிருச்சு. வாசனை தூக்குச்சு. அப்பா தட்டுல ஊத்தி ரெண்டு வாய் உள்ள போயிருச்சு. எந்த தண்ணியில வெச்சீங்கன்னு கேட்டேன். காய் வேக வெச்சு வடிச்ச தண்ணி ஒரு சட்டி நெறைய இருந்துச்சாம், "சத்தெல்லாம் அதுலதான இருக்கு, கொட்டலாமா சாமி, அதான் ரசத்துல சேத்தேன்"னுச்சு.

நான் கத்திட்டேன். தட்ட கையிலருந்து புடுங்கிட்டேன், அப்பா கையிலருந்து, சாப்புட்டுகிட்டு இருக்கறவர் கையிலருந்து. அத்தை சொன்னதுல ஒரு தப்பும் இல்ல, நானும் அதத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிகிட்டு இருந்தேன், வேக வெச்ச தண்ணிய கொட்டாதீங்க, குழம்புல சேருங்கன்னு.

ரெண்டு மணி பஸ்ஸுக்கு போயிருச்சு. பட்டர் ஃப்ரூட் மேடையிலேயே இருக்கு.

மே 1

அத்தை போன எடுக்கல.

மே 2

அப்பா சட்டைய ஊற வெக்கிறப்ப பாக்கெட்ல எண்ணெ கறை, வட்டமா. உள்ள தட்டுவடை தூளு. திண்ணைக்கு போறாராம் திண்ணைக்கு! நானும் கேக்கல அவரும் சொல்லல. கறைக்கு சீயக்கா போட்டு தேச்சேன், போவல. அந்த வட்டத்த பாத்தா ஒண்ணுதான் வெச்சிருக்காரு, ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காயும் சட்னியும் வெச்சு தர்ற செட்டு வாங்கல, சட்னி இல்லாம வெறும் தட்டுவடை. அவரும் ஏதோ கணக்கு போட்டுதான் தின்னுருக்காரு போல.

மே 4

கத்திரி ஆரம்பம். லிட்டர் பாட்டில் மத்தியானமே காலி. மாத்திரைக்கு தண்ணி இல்ல. ஐஸ் கட்டி ஒண்ணு வாயில போட்டேன், அதையும் கணக்குல சேத்துக்கோன்றாரு.

மே 7

பொட்டாசியம் 4.9!! உப்ப நிறுத்துனதுதான். கிட்னி எவ்ளோ கெட்டிருக்குன்னு காட்டற கிரியாட்டினின் 4.6, அது ஏறிகிட்டேதான் இருக்கு. டாக்டர் ரெண்டையும் ஒரே குரல்ல சொன்னாரு.

கையில ரெண்டு ரத்தக்குழாய ஒண்ணா சேத்து தைக்கணுமாம், ஃபிஸ்டுலா. அது தடிச்சு ஊசி போடற பக்குவத்துக்கு வர ஒன்றரை ரெண்டு மாசம் ஆவுமாம், அதனால டயாலிசிஸ் வேணும்னு ஆவறதுக்கு முன்னாடியே செஞ்சு வெச்சுரணுமாம். அப்பா கவனமா கேட்டுகிட்டு "பழைய பாவோட புது பாவ பிணைக்கிற மாதிரியா"ன்னாரு. டாக்டருக்கு புரியல. எனக்கு அந்த எடத்துல உக்காந்திருக்கவே முடியல.

மே 8

இடது கை.

மே 11

எனக்கும் ஒரு ரிசல்ட் இருக்கு, யாருகிட்டயும் சொல்லல. சக்கரையோட மூணு மாச சராசரி 6.1. 5.7லருந்து 6.4 வரைக்கும் எல்லையில நிக்கிற கேஸாம். வெள்ளை சோத்த பாதியா கொறைங்க, தானியம் கீரை சேத்துக்கோங்கன்னாங்க. அதாவது அவருக்கு எது ஆகாதோ அது எனக்கு, எனக்கு எது ஆகாதோ அது அவருக்கு. ஒரே அடுப்புல ரெண்டு சட்டி. அவருக்கு கஞ்சி வடிச்ச சோறு, எனக்கு களி.

அத்தை குடுத்த ராகி மாவுதான். நொய்யி ஒரு கைப்பிடி போட்டு குழைய வெந்ததும் மாவ குமிச்சு கொட்டி, துடுப்பு காம்பால நடுவுல ஒரு ஓட்டை போட்டு விட்டேன். அது வழியா தண்ணி கொப்புளிச்சு மேல வரணும், அதுக்கு முன்னாடி கிண்டுனா கட்டி தட்டும். அப்புறம் சட்டிய கீழ எறக்கி ரெண்டு பாதத்தால அணைச்சுகிட்டு கிண்டுனேன், தோள் பட்டை கழண்டுருச்சு. கைய தண்ணியில நனைச்சு தொட்டு பாத்தா ஒட்டக்கூடாது, ஒட்டல. கீரை கடைசல். ஒரு உருண்டைதான், கூழா கரைச்சு குடிச்சா எனக்கு சக்கரை கடகடன்னு ஏறுது, பாத்துட்டேன்.

பின்கட்டுல போய் தின்னேன், திருடி மாதிரி. வாசனைக்கு வந்துட்டாரு. தறிக்குழிய பலகை போட்டு மூடி அரிசி டிரம் வெச்சிருக்கோம்ல, அந்த பலகை மேல உக்காந்துகிட்டாரு. "தின்னு தின்னு, நான் சும்மா உக்காந்திருக்கேன்." கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்கம்மா களி இத விட இறுக்கமா இருக்கும்."

கிள்ளி குடுத்தேன். சுண்டைக்கா அளவு. மெல்லாம முழுங்குனாரு, களிய அப்படித்தான் முழுங்கணும்.

மே 13

அத்தை பேசுச்சு. "மொளகாச்சும் போடறியா?" போடறேன் அத்தை. உப்பு கொறைஞ்ச எடத்துல மொளகும் சீரகமும்தான் நிக்குது, தக்காளி புளி இல்லாம கொஞ்சமா எலுமிச்சை புழிஞ்சு ரசம், அப்பா ரெண்டு கரண்டி வாங்கிக்கிறாருன்னு சொன்னேன். "எந்த தண்ணியில?"ன்னுச்சு. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம்.

மே 18

சின்னக்கடை வீதி பூரா மாம்பழ வாசனை, மூக்க மூடிகிட்டா நடக்க முடியும். மல்கோவா ஒண்ணே ஒண்ணு வாங்குனேன். பொட்டாசியம் 5க்கு கீழ இருந்தா வாரத்துக்கு ஒரு சின்ன துண்டு பரவால்லன்னு டயட்டீஷியன் சொல்லிருக்காங்க. 100 கிராம்ல 170தான், நான் பயந்த அளவுக்கு இல்ல, பழம் பெருசுன்றதுதான் பிரச்சன. தராசுல 50 கிராம் வெட்டி வெச்சேன். தோலுக்கும் சதைக்கும் நடுவுல கத்திய விட்டு எடுக்கறப்ப சாறு தராசு மேலேயே வழிஞ்சிருச்சு, அதையும் அவரு வெரல்ல தொட்டு நக்கிட்டாரு.

"கொட்டை?"

கொட்டையில எவ்ளோ ஒட்டிருக்கோ எனக்கு எப்படிப்பா தெரியும்னேன்.

"சப்பறதுக்கு முன்னாடி ஒரு எடை போடு, சப்புனதுக்கு அப்புறம் ஒரு எடை போடு. பட்டு நூல எடை போட்டு குடுத்துட்டு சேலைய எடை போட்டு வாங்குறான்ல முதலாளி, அந்த மாதிரி."

92 கிராம். பத்து நிமிஷம் கொட்டையோட மல்லுகட்டுனாரு, முழங்கை வரைக்கும் ஒழுகுது, நான் பக்கத்துல நின்னுகிட்டு போதும்ப்பா போதும்ப்பான்றேன். 71 கிராம். "இருவத்தொண்ணு. எச்சிய கழிச்சுக்கோ"ன்னாரு. எச்சி இருந்தா எடை கூடத்தான் காட்டும், அப்ப தின்னது இன்னும் ஜாஸ்திப்பா. யோசிச்சாரு. "சரி, கூலியில புடிச்சுக்கோ."

மே 19

தம்பி டிக்கெட் போட்டுட்டான். உப்பு பாக்கெட்ட அலமாரி மேலருந்து எடுத்து தூக்கி போட்டுட்டேன்.

மே 20

கொட்டைய கழுவி ஜன்னல்ல காய வெச்சிருக்காரு. இடது கைய தூக்கி தூக்கி வெளிச்சத்துல பாத்துக்கறாரு.

மே 21

நாளைக்கு காலையில ஆறு மணிக்கு வரச் சொல்லிருக்காங்க. வெறும் வயிறு. அவருக்கு மத்தியானத்துக்கு ஜவ்வரிசி ஊறப்போடணும். பாட்டில் எடுத்து வெக்கணும், லிட்டர் கோடு போட்டது.