தண்டவாளம் இருந்த தடத்தில்

மலையும் ஆறும் சேர்ந்த நாட்டுப்புறத்தில் மிதிவண்டிப் பயணம் என்றால் மூச்சு வாங்க ஏறி, பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி இறங்க வேண்டியிருக்கும் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். கைவிடப்பட்ட ரயில் தடங்களை மிதிவண்டிப் பாதைகளாக மாற்றியிருப்பதை அறிந்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. நீராவி இன்ஜினால் செங்குத்தான மேட்டில் பாரம் இழுக்க இயலாது என்பதால், அன்றைய பொறியாளர்கள் பெரும்பாலும் ஆற்றின் வளைவுகளை ஒட்டியே தடம் போட்டு, குன்று மறித்த இடத்தில் அதைக் குடைந்து, ஓடை குறுக்கிட்ட இடத்தில் பாலம் கட்டினார்கள். அவர்கள் பட்ட பாட்டின் பயனை இன்று நம் முழங்கால்கள் அனுபவிக்கின்றன.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1960களில் உருவான எல்ராய்–ஸ்பார்ட்டா பாதை இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. சுமார் 52 கி.மீ. நீளமுள்ள அதில் மூன்று சுரங்கங்கள் உண்டு. மிக நீண்டது ஏறத்தாழ 1,160 மீட்டர். உள்ளே விளக்குகள் இல்லாததால் கைவிளக்கு அவசியம். வண்டியைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். கோடையிலும் குளிரடிக்கும், கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

வாகன இரைச்சல் இல்லாத நிம்மதியில் ஒன்றை மறந்துவிடுகிறோம். கண்ணுக்கே தெரியாத ஏற்றம் மணிக்கணக்கில் நீளும்போது மிதிப்பதை நிறுத்தவே வாய்ப்பில்லை. இருக்கையிலிருந்து அவ்வப்போது எழுந்து நிற்காவிட்டால் மாலையில் உட்காரவே முடியாது. பொடிக்கல் பரப்பிய பாதையில், மெல்லிய பந்தயச் சக்கரங்களைவிட 35 மில்லிமீட்டர் அகல டயர்களையே நான் விரும்புவேன். மழை பெய்தால் அந்தக் கல்மாவு சங்கிலியில் அப்பிக்கொண்டு நறநறக்கும். அன்றிரவே துடைத்து எண்ணெய் விடுவது நல்லது.