வெள்ளை மாருதி 800-ஐ நீலமாக்குன மூணு மாச வேலை

எங்க வீட்டு 800, 2004 மாடல், அப்பா வாங்குனப்ப நல்ல பால் வெள்ளை. இருபது வருசம் பொள்ளாச்சி வெயில்ல நின்னு நின்னு பழுப்பேறி, பானட்டுல கைய வச்சு தேய்ச்சா சுண்ணாம்பு மாதிரி ஒட்ற நிலைமைக்கு வந்துருச்சு. ஆனா அந்த 796 சிசி எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்ல, 2024-ல எஃப்சி புதுப்பிச்சாச்சு, 2029 வரைக்கும் ஓட்டலாம். அதனால கலர் மாத்தியே ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன்.

முதல்ல ஆசைப்பட்டது மிலிட்டரி பச்சை. அது நடக்காதுங்க. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 121-வது விதி, ஆலிவ் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டும்தான்னு சொல்லுது. அடுத்து சிவப்பு யோசிச்சேன், பெயின்ட் கடையில சிவப்புக்கு மூடுற சக்தி கம்மி, கோட்டு மேல கோட்டு போயிட்டே இருக்கும்னாங்க. மெட்டாலிக் வேண்டாம்னு நானே விட்டுட்டேன், ஸ்ப்ரே கன் பிடிக்கிற கை கொஞ்சம் தடுமாறினாலும் அதுல கலந்திருக்கிற அலுமினியப் பொடி திட்டுத்திட்டா உக்காந்துக்கும், ஒரு இடத்துல டச்சப் பண்ணுனாலும் தனியா தெரியும். கடைசியில சாலிட், அதாவது பொடி கலக்காத அடர் நீலம். ஸ்டிக்கர் ரேப் ஒட்டலாமேன்னு நண்பர் சொன்னார், ஆனா டோர் அடியில துரு இருக்கிற வண்டிக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டுனா துருவை மூடி வச்சு வளக்கறது மாதிரிதான்.

வேலைய தொடங்குறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ-ல விண்ணப்பம் குடுத்துட்டேன். ஆர்சி-ல கலர்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல இருக்கிறதும் ரோட்டுல ஓடுறதும் வேறயா இருக்கக் கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் போட்டேன்.

ஆடி மாசத்துல பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மண்ணை வாரி அடிக்கும், ஐப்பசியில மழை, மார்கழியில பனி. அதனால தைப்பொங்கல் முடிஞ்சதும் ஆரம்பிச்சு பங்குனிக்குள்ள முடிக்கிறதுன்னு திட்டம். எங்க தெருவுல முப்பது வருசமா பெயின்டர் வேலை பாத்த அண்ணா ஒருத்தர் இருக்கார், பழைய டூக்கோ பெயின்ட் காலத்து ஆளு. இப்ப கன் பிடிக்கிறதில்ல, பக்கத்துல சேர் போட்டு உக்காந்து சொல்லிக் குடுத்தார்.

முதல் மூணு வாரம் பிரிக்கிற வேலைதான். பம்பர், லைட்டு, ஹேண்டில், கண்ணாடி பீடிங் (ஓரத்து ரப்பர் பட்டை), டோர் பேட் எல்லாம் கழட்டி, ஸ்க்ரூவை எல்லாம் தனித்தனி கவர்ல போட்டு பேர் எழுதி வச்சேன். மாஸ்கிங் டேப் ஒட்டி மேலாக்க அடிச்சா சீக்கிரம் முடியும்தான், ஆனா டோரைத் தொறந்தா உள்ள வெள்ளை, வெளிய நீலம்னு நிக்கும். அது எனக்கு ஆகாது. டோர் தூண், டிக்கி ஓரம், பானட்டுக்குள்ள வரைக்கும் நீலம் போகணும்னு பிடிவாதமா இருந்தேன். பாதி வேலை இங்கதான் போச்சு, வெளிப்பக்கம் அடிக்கிறதை விட இந்த மூலை முடுக்குக்குத்தான் நேரம் அதிகம். பானட்டுக்குள்ள சேஸ் நம்பர் மேல மட்டும் பட்டியோ (பள்ளம் அடைக்கிற பசை) ப்ரைமரோ (கலருக்கு அடியில அடிக்கிற கோட்டு) படக் கூடாது, பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாக்கறப்ப எழுத்து தெளிவா இருக்கணும், அதனால அங்க மட்டும் டேப் ஒட்டி கடைசியில கையாலயே லேசா கலர் குடுத்தேன்.

ரெண்டு முன் டோர் அடியிலயும் ரன்னிங் போர்டுலயும் துரு. ஸ்க்ரூ டிரைவரால குத்துனா உள்ள போச்சு. டிங்கர் கடையில வெட்டி எடுத்து புதுத் தகடு வெல்டிங் வச்சோம், பட்டி போட்டு மூடிடலாம்னு ஒருத்தர் சொன்னதை நான் கேக்கல. தகட்டுக்கு எபாக்ஸி ப்ரைமர், அதுக்கு மேலதான் பட்டி.

உப்புத்தாள் வேலையப் பத்தி சொல்லாம இருக்க முடியாது. பட்டி தேய்க்க 120 நம்பர் தாள், அப்புறம் 180, ப்ரைமருக்கு முன்னாடி 320, நம்பர் ஏற ஏற தாள் நைசாகும். ப்ரைமர் காஞ்சதும் மேல கறுப்பு ஸ்ப்ரேயை தூறல் மாதிரி லேசா தூவி, மரக்கட்டையில 600 வாட்டர் பேப்பர் சுத்தி சோப்புத் தண்ணி விட்டு தேய்ச்சா, எங்க கறுப்பு போகாம நிக்குதோ அங்க பள்ளம்னு அர்த்தம். அண்ணா சொல்லிக் குடுத்த இன்னொரு வழி, கையில மெல்லிசா ஒரு துணி உறை போட்டுட்டு கண்ணை மூடி உள்ளங்கையால தடவுறது. "கண்ணு ஏமாத்தும் தம்பி, கை ஏமாத்தாது"ன்னார். இடது பின் ஃபெண்டர்ல எனக்கு கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, கைக்கு ஒரு அலை பட்டுச்சு, உடனே மறுபடியும் பட்டி. வெள்ளை எல்லாத்தையும் மன்னிக்கும், அடர் நீலம் மன்னிக்காது, டியூப் லைட்டைப் பக்கத்துல கொண்டு போனா நேரா இருக்க வேண்டிய கோடு நெளிஞ்சு காட்டிக் குடுத்துரும்.

பெயின்ட் அடிச்சது மூணு ஞாயித்துக்கிழமை, காலையில ஏழுல இருந்து பத்துக்குள்ள. ஷெட்டு தரையில தண்ணி தெளிச்சா தூசி அடங்கும். கம்ப்ரசர் டேங்க் அடியில சேர்ற தண்ணிய அரை மணிக்கு ஒரு தடவை தொறந்து விட்டேன், லைன்ல வாட்டர் பில்டரும் போட்டேன். கன்ல நாஸில் கலருக்கும் க்ளியருக்கும் (கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத பளபளப்புக் கோட்டு) 1.3 மிமீ, ப்ரைமருக்கு 1.8. ஒரு சாண் தூரம், ஒவ்வொரு வீச்சும் முந்தினதோட பாதி மேல விழணும், கை வளையாம நேரா போகணும்.

முதல் நாளே பானட்டுல மீன் கண்ணு மாதிரி குட்டிக்குட்டியா வட்டம் விழுந்துச்சு, பெயின்ட் அந்த இடத்துல மட்டும் ஒட்டாம விலகி நின்னுச்சு. காரணம் சிலிக்கான். பல வருசமா டேஷ்போர்டுக்கு நான் அடிச்ச பளபளப்பு ஸ்ப்ரே பறந்து பானட்டு வரைக்கும் போயிருக்கு, தேய்க்கிறதுக்கு முன்னாடி எண்ணெய்ப் பசை எடுக்கிற சால்வென்ட் போட்டு துடைக்காம தேய்ச்சதால அது உள்ள ஊறிருச்சு. எல்லாத்தையும் வழிச்சு எடுத்து மறுபடி முதல்ல இருந்து. நீங்க பண்ணுனா முதல்ல துடைங்க, அப்புறம் உப்புத்தாளை எடுங்க.

க்ளியர் கோட்டுதான் பயம். அதுல கலக்குற ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, மூச்சுல போனா ஆஸ்துமா வரலாம், ஒருதடவை உடம்பு அதுக்கு ஒவ்வாம போயிட்டா அப்புறம் கொஞ்சம் பட்டாலே இழுக்கும். அண்ணா கன்னைக் கீழ வச்சதுக்குக் காரணமும் இதுதான், கைக்குட்டைய கட்டிட்டே முப்பது வருசம் அடிச்சவர், இப்ப மாடிப்படி ஏற மூச்சு வாங்குது. அவர் உக்காந்திருந்த சேரை அன்னைக்கு நான் வீட்டுக்குள்ள கொண்டு போய் போட்டுட்டேன், கிட்ட வரவே விடல. நான் போட்டது வெளிக்காத்தை குழாய்ல கொண்டு வர்ற முழு முகமூடி, வாடகைக்கு எடுத்தது. துணி மாஸ்க் எல்லாம் இதுக்கு சுத்தமா ஆகாது.

முதல் கோட்டு மெல்லிசா, பதினஞ்சு நிமிசம் விட்டு ரெண்டாவது கோட்டு ஈரமா. இடது பின் டோர்ல ஹேண்டிலுக்குக் கீழ ஒரு வழிசல் விழுந்துச்சு, மெழுகுவர்த்தி உருகி நிக்கிற மாதிரி. அதை உடனே தொடக் கூடாது. பத்து நாள் காய விட்டு, பிளேடால சீவி, 1500, 2000 வாட்டர் பேப்பர் போட்டு ரப்பிங் பண்ணுனேன், இப்ப எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியல. கூரையில ஒரு கொசு ஒட்டி செத்துருந்துச்சு, அதுவும் இதே மாதிரி போச்சு.

மொத்தம் கலர் ரெண்டு லிட்டர், க்ளியர் ரெண்டு லிட்டர், ப்ரைமர் ஒன்றரை. டிங்கர் கூலியோட சேத்து 26 ஆயிரம் ஆச்சு, என் கைக்கூலி கணக்கில்ல.

வண்டியக் கொண்டு போய் காட்டி, ஆர்சி-ல நீலம்னு மாத்தியும் வாங்கியாச்சு. அப்பா டோரைத் தொறந்து தூணைத் தடவிப் பாத்தார், "உள்ளயும் அடிச்சிருக்கியா"ன்னு கேட்டார், அது போதும் எனக்கு.

மீதி இருந்த கலரை கண்ணாடி பாட்டில்ல ஊத்தி தேதி போட்டு வச்சிருக்கேன், டச்சப்புக்கு ஆகும். ஹார்டனர் மட்டும் தொறந்தா காத்து ஈரத்தை இழுத்து கெட்டுப் போயிரும், வைக்க முடியாது. மெழுகு பாலிஷ் இன்னும் போடல, க்ளியர் முழுசா ஆறட்டும்னு ரெண்டு மாசம் விட்டிருக்கேன். அதுக்குள்ள பழைய கண்ணாடி பீடிங் நாலும் மாத்தணும், புது நீலத்துக்குப் பக்கத்துல அதுக வெளுத்துத் தெரியுது.