வங்கித் தேர்வு ஆங்கிலம்: ‘ரன்’ என்ற ஒரு சொல்லில் தொடங்குங்கள்

வங்கி பி.ஓ. (புரொபேஷனரி ஆபீசர்) தேர்வின் இறுதிப் பட்டியலில் என் எண் வந்துவிட்டது. இனி நிம்மதியாக எழுதலாம். கணக்குக்கும் ரீசனிங்குக்கும் வழி சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். நான் ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பயிற்சி மையத்தில் பணம் வாங்கிக்கொண்டு தந்த கடினமான ஆங்கிலச் சொற்களின் பட்டியலை நான் தொடவில்லை. இரண்டு பக்கம் புரட்டினாலே எனக்குத் தூக்கம் வரும். மனப்பாடம் எளிதாக வருபவர்கள் அதையே படிக்கட்டும். நான் ‘கெட்’, ‘செட்’, ‘ரன்’ போன்ற பொடிச் சொற்களுக்குத் தனி நோட்டுப் போட்டேன். ஒரு சொல்லைக் கொடுத்து, மூன்று வாக்கியங்களில் எவற்றில் அது சரியாக வந்திருக்கிறது என்று கேட்பார்களே, அங்கே ஆளைக் கவிழ்ப்பவை இவைதான்.

‘ரன்’ வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் தருவதாக ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் 2011இல் கணக்குச் சொன்னார்கள். மிரள வேண்டாம். பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது: தமிழ்ப் பழக்கமே இங்கெல்லாம் கைகொடுக்கும். பிறகுதான் காலை வாரும். கடை நடத்துவதும் ‘ரன்’, மூக்கு ஒழுகுவதும் ‘ரன்’, துவைத்த துணியில் சாயம் பரவுவதும் ‘ரன்’. நாம் தேர்தலில் நிற்கிறோம், அமெரிக்கர்கள் ஓடுகிறார்கள். ஆனால், கார் ஓட்டினால் ‘டிரைவ்’தான்.

என் நோட்டிலிருந்து:

- ரன், ரேன், ரன். ‘ஹேஸ்’ஸுக்குப் பின்னால் ‘ரேன்’ வந்தால் யோசிக்காமல் பிழை என்று குறியுங்கள்.
- ‘ரன் அவுட்’: தீர்ந்துபோவது. ‘பால் தீர்ந்துவிட்டது’ என்று பால் எழுவாயாக இருந்தால் இதுவே போதும். ‘நாங்கள்’ எழுவாயாகி, ‘பால்’ பின்னால் வந்தால் இடையில் ‘ஆஃப்’ கட்டாயம். பிழை கண்டறியும் வினாவில் முதலில் இதைப் பாருங்கள்.
- ‘ரன் இன்டு’: தற்செயலாகச் சந்திப்பது, சிக்கலில் மாட்டுவது, செலவு கோடிகளை எட்டுவது.
- ‘ரன் ஓவர்’: வண்டி ஏற்றுவது, கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டுவது.
- ‘த்ரீ டேஸ் ரன்னிங்’: அடுத்தடுத்து மூன்று நாள்.

நான் எழுதிய பிரிலிம்ஸில் (முதல்நிலைத் தேர்வு) ஆங்கிலத்துக்கு 20 நிமிடத்தில் 30 கேள்வி. தவறுக்குக் கால் மதிப்பெண் போகும். மூன்றாவது வாக்கியத்தில் சந்தேகம் வந்தால் தாண்டிவிடுங்கள்.

பெயர்ச்சொல் ‘ரன்’னையும் விடாதீர்கள். நேர்முகத் தேர்வில் ‘பேங்க் ரன்’ என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார்கள். வங்கி கவிழப் போகிறது என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது. வைப்புத்தொகையில் பெரும்பகுதி கடனாக வெளியே போயிருப்பதால் நல்ல வங்கியும் இதில் தள்ளாடும் என்றேன். 2007இல் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் நின்ற வரிசையையும் சேர்த்துச் சொன்னேன். அடுத்த கேள்வி உடனே வைப்புத்தொகைக் காப்பீட்டுக்கு, அதாவது வங்கி கவிழ்ந்தால் ஒருவருக்கு எவ்வளவு வரை பணம் திரும்பக் கிடைக்கும் என்பதற்குத் தாவியது. 2020 பிப்ரவரியில் அந்த வரம்பு ஒரு லட்சத்திலிருந்து 5 லட்சம் ரூபாயானது. அதையும் ‘ரன்’ பக்கத்திலேயே குறித்து வைத்திருந்தேன்.