உரியவர் கையில்

ஜனவரி 1ஆம் தேதி காலையில், எங்கள் கிளை அஞ்சலகத்தின் தேதி முத்திரையிலிருந்து 25 என்ற ஆண்டு அச்சைக் கழற்றிவிட்டு 26 என்ற அச்சைப் பொருத்தினேன். நாளுக்குரிய அச்சைத் தினமும் மாற்றுகிறோம். மாதத்துக்குரியதை மாதப் பிறப்பன்று மாற்றுகிறோம். ஆண்டுக்குரியது மட்டும் பன்னிரண்டு மாதமும் ஒரே இடத்தில் இருந்து, மை குடித்துக் குடித்துக் கறுத்துப்போகிறது. அதைப் பழந்துணியால் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போது, சென்ற ஆண்டு இந்த மேசையைக் கடந்துபோனவற்றுள் எவை என்னிடம் தங்கியிருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தேன். ஆர்.டி. தவணைகள், கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியங்கள், நகைக்கடன் நோட்டீசுகள், வங்கி அட்டைகள் என்று நூற்றுக்கணக்கில் வந்து போயிருக்கின்றன. மனத்தில் நிற்பவை நான்கைந்துதான். அவை எல்லாமே ஏதோ ஒன்றை அதற்கு உரியவர் கையில் நேரே சேர்த்த வேளைகள் என்பதை, எழுத உட்கார்ந்த பிறகே கவனித்தேன்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூர்ப் பக்கம் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகினால் நெல். மற்ற நிலத்தில், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய். வயலில் வேலை இல்லாத மாதங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள். நாட்டில் உள்ள ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில் பத்துக்கு ஒன்பது கிராமப்புறத்தில்தான் இயங்குகின்றன. பஞ்சாயத்துக் கட்டடத்தை ஒட்டிய ஒற்றை அறையில் நடக்கும் எங்களுடையதும் அவற்றில் ஒன்று. கிளை அஞ்சல் அலுவலராக நான் பொறுப்பேற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. தபால் பட்டுவாடாவுக்குப் போகிற உதவி அலுவலர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரை அண்ணன் என்றே அழைத்துப் பழகிவிட்டேன்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், மூட்டக் கரி வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் நூறு நாள் வேலைச் சம்பளத்தை எடுக்க வந்தார். ஆதார் எண்ணும் கைரேகையும் பொருந்தினால் பணத்தை நாங்களே எண்ணிக் கொடுத்துவிடலாம். அவருடைய விரலைக் கருவி ஏற்கவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து விரல்களைக் கழுவி, சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை பத்தையும் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் பதியவில்லை. அந்த விரல்களை அவ்வளவு அருகில் வைத்துப் பார்த்தது அன்றுதான். நுனிகள் தேய்ந்து, ஆற்றுக் கூழாங்கல்லைப் போல வழவழப்பாகியிருந்தன. ரேகை இருந்த இடத்தில் மெல்லிய வெடிப்புகள் மட்டும் கறுப்பாக ஓடின. அவர் சம்பாதித்த பணத்தை, அதைச் சம்பாதித்த அதே கை தேய்ந்துபோன காரணத்தால் என்னால் கொடுக்க முடியவில்லை. வெறுங்கையோடு திரும்பிப் போனார். ஆகஸ்டில் எங்கள் அஞ்சல் வங்கியில் முகத்தை வைத்து அடையாளம் காணும் முறை வந்தது. முதல் ஆளாக அவரைத்தான் கூப்பிட்டு அனுப்பினேன். இரண்டு மூன்று நொடியில் வேலை முடிந்து நான் நோட்டுகளை எண்ணிக் கையில் வைத்தபோது, அவர் பணத்தைப் பார்க்கவில்லை; தம் விரல் நுனிகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வமகள் சேமிப்புக் கணக்குகள் சென்ற ஆண்டு பலவற்றைத் தொடங்கினேன். அவற்றில் ஒன்று மட்டும் முகத்தோடு நினைவிருக்கிறது. பிறந்து நாற்பது நாளான பெண் குழந்தைக்காக அதன் தகப்பனார் 250 ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே கொண்டுவந்திருந்தார். பதினைந்து ஆண்டு கட்ட வேண்டும், தொடங்கிய நாளிலிருந்து இருபத்தோரு ஆண்டு முடிந்ததும் முதிர்வடையும் என்று விளக்கியதும், விரல் விட்டுக் கணக்குப் போட்டு, “அப்ப 2046. எனக்கு அம்பது வயசு ஆயிருக்கும்” என்றார். பாஸ்புத்தகத்தில் குழந்தையின் பெயரை நான் எழுதியபோது, ஊரில் அந்தப் பெயரை எழுத்தில் பார்க்கும் முதல் ஆள் நான்தானோ என்று தோன்றியது. அவர் வாங்கித் தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவில்லை. வாசலில் குழந்தையோடு நின்ற மனைவியிடம் கொடுத்து, பிள்ளையின் நெஞ்சில் ஒரு முறை வைத்து எடுக்கச் சொன்னார்.

ஆண்டின் நடுவில், பதிவுத் தபால் என்ற தனிப்பிரிவு விரைவுத் தபாலோடு இணைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. விரைவுத் தபால் 1986இல் வந்தது. பதிவுத் தபாலோ எங்கள் பாட்டன்மார் காலத்துக்கும் முந்தியது. இரண்டுக்கும் நடுவே வெளியே தெரியாத ஒரு வேறுபாடு இருந்தது. விரைவுத் தபால் விலாசத்துக்கு உரியது, அந்த வீட்டில் இருப்பவர் வாங்கிக்கொள்ளலாம். பதிவுத் தபாலோ ஆளுக்கு உரியதாக இருந்தது, பெயர் எழுதப்பட்டவரிடமோ அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் கொடுக்க வேண்டியிருந்தது. இணைப்புக்குப் பிறகும், ஆளுக்கு நேராகக் கொடுப்பதைக் கூடுதல் சேவையாகக் கேட்டுப் பெறலாம். ஆனாலும் ‘ரிஜிஸ்தர்’ என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இருக்கும் எடை வேறு எதற்கும் வந்துவிடாது.

அந்த எடையை நன்றாக அறிந்த பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். ஒவ்வோர் ஆடியிலும், முளைப்பாரித் திருவிழாவுக்கு நாள் குறித்ததும், தேனிப் பக்கம் குடியேறிவிட்ட தம்பிக்கு அழைப்பிதழை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புவார். நிலப் பிரச்சினையில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல காலம் ஆகிறது. தம்பி திருவிழாவுக்கு வந்ததே இல்லை. அட்டை மட்டும் கையெழுத்தோடு திரும்பி வரும். செய்தித்தாளில் இணைப்பைப் பற்றிப் படித்துவிட்டு, சென்ற ஆடியில் அவர் சற்றுப் பதற்றத்தோடு வந்து, “இனிமே அந்த அட்டை வராதாமே தாயி?” என்று கேட்டார். இந்த ஆண்டு வரும், அடுத்த ஆண்டும் ஆளிடமே சேர்ப்பதற்கு வழி இருக்கிறது என்று எடுத்துச் சொல்லி அனுப்பினேன். எட்டாம் நாள் அட்டை வந்தது. வாங்கிய பெரியவர் வெளிச்சத்துக்காக வாசல்படிக்குப் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையை முகத்தருகே கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தார். பிறகு, “அவனுக்குக் கை நடுங்குது. போன வருஷம் இப்படி இல்லை” என்றார். இத்தனை ஆண்டுகளாக அந்த அட்டையைச் சட்டப்படியான அத்தாட்சி என்றே நினைத்திருந்தேன். தம்பி எப்படி இருக்கிறான் என்பதை அவர் அந்த ஒற்றைக் கையெழுத்திலிருந்துதான் ஆண்டுதோறும் தெரிந்துகொண்டிருக்கிறார்.

ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் நடக்க முடியாதவர்களையும் ஆட்டோவில் தூக்கி வைத்துக் கருவூலத்துக்கோ வங்கிக்கோ கொண்டுபோவார்கள். 2014இல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்று முறை வந்த பிறகு நிலைமை மெல்ல மாறியது. இப்போது 70 ரூபாய்க் கட்டணத்தில் நாங்களே வீட்டுக்குப் போய், கைபேசியில் முகத்தைப் பதிவுசெய்து அனுப்பிவிடுகிறோம். மத்திய அரசின் ஓய்வூதியர்களுக்கு நவம்பர்தான் அதற்குரிய மாதம். 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். எங்கள் பக்கம் ராணுவத்துக்குப் போனவர்கள் அதிகம் என்பதால், குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்களும் அதிகம்.

அக்டோபர் கடைசியில், மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், எண்பத்தெட்டு வயதான அப்பத்தா ஒருவரின் வீட்டுக்குப் போனேன். உள்ளறையில் கட்டிலோடு இருந்தார். வெளிச்சம் போதவில்லை என்று செயலி திரும்பத் திரும்பச் சொன்னதால், பேரனும் பக்கத்து வீட்டுக்காரரும் கட்டிலை அப்படியே தூக்கி முற்றத்து வேப்பமரத்தடியில் வைத்தார்கள். முகத்தை எடுப்பதற்கு முன் நிரப்ப வேண்டிய விவரங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று, மறுமணம் செய்துகொண்டவரா என்பது. குடும்ப ஓய்வூதியம் பெறும் யாரிடமும் கேட்டாக வேண்டிய கேள்வி அது. கேட்காமல் நானே ‘இல்லை’ என்று குறித்துக்கொள்வது முறையாகாது. கணவர் இறந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆன ஒருவரிடம், பேரப்பிள்ளைகள் சூழ்ந்து நிற்கும் முற்றத்தில் அதை எப்படிக் கேட்பது என்று தயங்கி, காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. சேலை முந்தியின் முடிச்சைத் தடவிப் பிடித்து அவிழ்த்து, உள்ளே இருந்த பித்தளைப் பொத்தான் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பட்டாளத்துச் சட்டைப் பொத்தான். தேய்ந்து மஞ்சளாக மின்னியது. நான் அதைத் திருப்பி அவர் கையில் வைத்துவிட்டு, ‘இல்லை’ என்ற கட்டத்தைக் குறித்தேன்.

அடுத்தது, கண்ணைச் சிமிட்ட வேண்டும். எதிரில் இருப்பது படம் இல்லை, உயிருள்ள ஆள்தான் என்று செயலி அறிந்துகொள்வது அந்தச் சிமிட்டலை வைத்துத்தான். அப்பத்தாவுக்குக் காதும் மந்தம். சிமிட்டச் சொன்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான்கு முறை தவறிப்போனது. அப்போது நான்கு வயதுக் கொள்ளுப்பேத்தி என் முழங்கைக்குக் கீழே புகுந்து வந்து, கைபேசிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, கிழவியைப் பார்த்துத் தன் கண்களைச் சிமிட்டத் தொடங்கினாள். அப்பத்தா குழந்தையைப் பார்த்துத் தானும் சிமிட்டினார். பச்சை வட்டம் வந்தது. சான்று எண் பேரனின் கைபேசிக்கு வந்து சேர்ந்ததும் வீடே கைதட்டியது. “ஒத்துக்கிட்டாகளா தாயி?” என்று அப்பத்தா கேட்டார். ஒத்துக்கொண்டார்கள் அப்பத்தா என்று காதில் சொன்னேன். சென்ற ஆண்டில் என் வேலையை நான் மிக நேசித்த நாள் எது என்று கேட்டால், அந்தக் காலையைத்தான் சொல்வேன்.

இன்னொரு நினைவு தவறில் தொடங்கியது. அந்தத் தவறு என்னுடையது. முனியசாமி என்ற பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பேருக்காவது இருக்கும். ஒரு வீட்டை நாங்கள் பெயரை வைத்துக் கண்டுபிடிப்பதில்லை. தகப்பன் பெயர், பட்டப்பெயர், புளியமரத்து வீடு, ஓட்டு வீடு என்று அடையாளங்களை வைத்தே கண்டுபிடிக்கிறோம். ஜூன் மாதத்தில் அண்ணன் விடுப்பில் இருந்த ஒரு நாள், பட்டுவாடாவுக்கு நானே போனேன். அந்தப் பெயருக்கு வந்த ஒரு சாதாரணத் தபாலை, உறையின் இரண்டாம் வரியில் இருந்த தகப்பன் பெயரைப் படிக்காமல், மேலத் தெருவில் அதே பெயருள்ளவரின் தாயாரிடம் கொடுத்துவிட்டேன். அவர் எழுத்தறியாதவர், மகன் வந்ததும் கொடுக்கலாம் என்று இறவாரத்தில் செருகிவைத்து மறந்துவிட்டார். மூன்றாம் நாள் மாலை அந்த மகன் உறையைக் கொண்டுவந்து, இது எனக்கு வந்ததில்லை என்று கொடுத்தபோதுதான் உறையை முழுதாகப் படித்தேன். ஒரு தொழிற்சாலையில் தொழிற்பழகுநர் பயிற்சிக்கான நேர்காணல் அழைப்பு என்பது மேலேயே அச்சிடப்பட்டிருந்தது.

கணவரைக் கூட்டிக்கொண்டு இருட்டில் வண்டியில் கிளம்பினேன். உரியவரின் வீடு ஊருக்கு வெளியே, கண்மாய்க்கு அந்தப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த பையன். வாசலிலேயே நின்று, நான்தான் வீடு மாற்றிக் கொடுத்துவிட்டேன், மூன்று நாள் ஆகிவிட்டது என்று சொல்லி உறையை நீட்டினேன். டார்ச் வெளிச்சத்தில் பிரித்துப் படித்தான். நேர்காணல் மறுநாள் காலை பத்து மணிக்கு, மதுரையில். அவனுடைய தகப்பனார் என்னைத் திட்டியிருந்தால் சற்று இலகுவாக இருந்திருக்கும். அவர் மகனைப் பார்த்து, “விடியக்காலம் மொத பஸ்ஸுக்குப் போயிரலாம், சட்டையைத் தேச்சு வையி” என்று மட்டும் சொன்னார். அன்று இரவு நான் தூங்கவில்லை. பையன் நேர்காணலுக்குப் போய்ச் சேர்ந்தான் என்பதையும், தேர்வானான் என்பதையும் பத்து நாள் கழித்து அண்ணன் பட்டுவாடாவுக்குப் போய்க் கேட்டு வந்து சொன்னார். அதற்குப் பிறகு, கையெழுத்துத் தேவைப்படாத சாதாரண உறையானாலும் கடைசி வரி வரை படித்தே கொடுக்கிறேன்.

டிசம்பர் மூன்றாம் வாரத்தில், பையைப் பிரித்துக் கடிதங்களைத் தெருவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஐம்பது காசு அஞ்சலட்டை ஒன்று கையில் தட்டுப்பட்டது. அஞ்சலட்டையைப் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது. விலாசத்தில் என் பெயர் இருந்தது. பதினோரு ஆண்டுகளில் எத்தனையோ ஆயிரம் விலாசங்களைப் படித்த எனக்கு, அலுவலகக் கடிதங்கள் தவிர, என் பெயருக்கென்று வந்த முதல் தபால் அது. பின்பக்கம் நீல மையில் நெருக்கமாக எழுதியிருந்தது: “அக்கா, பயிற்சியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. உதவித்தொகை வருகிறது, அப்பாவுக்கு அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ராத்திரி நீங்களே வந்து கொடுத்தீர்கள், அதனால் தபாலிலேயே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.”

நாலைந்து தடவை படித்திருப்பேன். மற்றக் கடிதங்களோடு அதையும் வைத்து, அன்றைய தேதி முத்திரையைக் குத்திவிட்டு எடுத்துப் பைக்குள் வைக்கப் போனேன். அண்ணன் கையை நீட்டி அட்டையை வாங்கினார். திருப்பி விலாசத்தைப் படித்தார். “ஆபீஸ் விலாசம் இல்லையே தங்கச்சி, வீட்டு விலாசம்ல போட்டிருக்கு” என்று சொல்லி, கீழத் தெருக் கட்டோடு சேர்த்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். நான் கணக்கை முடித்து, பையைக் கட்டி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் வாசலில் மணிச்சத்தம் கேட்டது. அண்ணன் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றுகொண்டு, எல்லா வீட்டு வாசலிலும் கூப்பிடுவது போலவே, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.