டைனமோ காரில் ஃபாக் லைட் மாட்டிய கதை

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்றுதான் ஆரம்பித்தேன். நான்கு ஞாயிறு ஆனது. நடுவில் ஒரு இரவு, பனிமூட்டத்தில் பேட்டரி செத்து வண்டி நின்றதும் உண்டு.

கார் 60களின் தொடக்கத்தில் வந்த பிரிட்டிஷ் கார். எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்ய இன்றைய கார்களில் இருக்கும் ஆல்டர்னேட்டர் கிடையாது, பழைய டைனமோதான். பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் எர்த் ஆகி, பாடியே கரன்டுக்கு ஒரு ஒயராக வேலை செய்யும் பழைய ரகம். டேஷ்போர்டில் ஒரு ஆம்மீட்டர் உண்டு, பேட்டரிக்குக் கரன்ட் போகிறதா (சார்ஜ்), பேட்டரியிலிருந்து வருகிறதா (டிஸ்சார்ஜ்) என்று முள்ளால் காட்டும் மீட்டர். இந்தக் கதையில் வில்லன் அதுதான். இல்லை, வில்லன் நான், அது வெறும் கருவி.

வாங்கியது வட்ட வடிவ ஃபாக் லைட் இரண்டு, ஹெச்3 பல்ப், ஒவ்வொன்றும் 55 வாட். முன் பம்பருக்குக் கீழே பிராக்கெட் போட்டு மாட்டினேன். ஐ.நா. வாகன விதி எண் 48, காரின் முன் ஃபாக் லைட் தரையிலிருந்து 25 செ.மீ.க்குக் குறையாமலும் 80 செ.மீ.க்கு மேல் போகாமலும் இருக்கச் சொல்கிறது. என் கார் அந்த விதிக்கெல்லாம் மூத்தது. இருந்தாலும் அளவு நல்ல அளவு என்பதால் 50 செ.மீ.யில் வைத்தேன். தாழ்வாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பனித்துளியில் பட்ட வெளிச்சம் திரும்பி வரும். விளக்கு நம் கண்ணை விட்டு எவ்வளவு கீழே இருக்கிறதோ, திரும்பி வருவது அவ்வளவு குறைவாகக் கண்ணைக் குத்தும்.

முதல் நாள் செய்தது சோம்பேறி வேலை. பேட்டரியிலிருந்து ஒரு ஒயர், வீட்டிலே கிடந்த பழைய டாகிள் ஸ்விட்ச், அங்கிருந்து நேராக விளக்குக்கு. எர்த் தனியாக இழுக்கவில்லை. பம்பர் இரும்புதானே, பாடியோடு சேர்ந்திருக்கிறதே என்று விட்டுவிட்டேன். போட்டுப் பார்த்தால் அரிக்கேன் விளக்கு மாதிரி செம்மஞ்சளாக எரிந்தது. மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.3 வோல்ட், பல்பின் இரு முனைக்கு நடுவே 10.2. ஒயரிலும் ஸ்விட்சிலும் 1.2 போயிருந்தது. மீதி 0.9 எர்த்தில். பம்பர் போல்ட்டுக்குக் கீழே துருவும் பெயின்ட்டும் சேர்ந்து ஒரு ரெசிஸ்டராகவே ஆகியிருந்தன. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். என் கணக்குப்படி பாதி வெளிச்சம் ஒயரிலேயே தீர்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ரிலே வைத்தேன். சின்னக் கரன்டால் பெரிய கரன்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச் அது. இரண்டு பல்பும் சேர்ந்து 110 வாட், அதாவது 9 ஆம்பியருக்குச் சற்று மேல். இதை டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகக் கொண்டுவரவே கூடாது. ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருளுக்கு, அதாவது காயிலுக்கு, 0.15 ஆம்பியர் போதும், ஸ்விட்ச் அதை மட்டும் சுமந்தால் சரி. ரிலேயில் 30ஆம் முனைக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகக் கரன்ட், 87இலிருந்து விளக்கு, 85, 86 இரண்டும் காயில். ஒயர் 2.5 சதுர மி.மீ. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர், பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, ஒயர் முனையில் லக் என்ற உலோக வளையம் வைத்து முறுக்கினேன். காயிலுக்கான கரன்டைப் பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து எடுத்தேன். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் அது சிவப்பு ஒயர், தேட வேண்டியதில்லை. பார்க்கிங் லைட்டை அணைத்தால் ஃபாக் லைட்டும் அணைந்துவிடும், மறந்து போட்டுவிட்டுப் போக வழியில்லை.

ஃபியூஸைச் செருகினேன். ஸ்விட்சைத் தொடவே இல்லை, விளக்கு பளீரென்று எரிந்தது! ஸ்விட்சைப் போட்டால் அணைகிறது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுப் பார்த்தால், ஐந்து கால் ரிலேயில் 87க்குப் பதில் நடுவில் இருக்கும் 87ஏ முனையில் மாட்டியிருக்கிறேன். அது காயிலுக்குக் கரன்ட் இல்லாதபோது இணைந்திருக்கும் முனை. மாற்றியதும் சரியானது. பல்பில் இப்போது 11.9 வோல்ட்.

பாசிட்டிவ் எர்த் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஹாலஜன் பல்புக்குத் திசை கிடையாது, சாதாரண ரிலேக்கும் கிடையாது. ஆனால் சில ரிலேக்களில் காயிலுக்குக் குறுக்கே, ஒரே திசையில் மட்டும் கரன்டை விடும் டயோடு இருக்கும். அந்த ரிலேயில், வழக்கமான ஒயரிங் படத்தில் இருப்பதுபோல 85ஐ எர்த்தில் கொடுத்தால் நம் வண்டியில் நேர் ஷார்ட். 85, 86ஐ மாற்றிக் கொடுக்க வேண்டும், அல்லது டயோடு இல்லாத ரிலே வாங்க வேண்டும். எல்.ஈ.டி. விளக்குக்கும் திசை உண்டு.

இதற்குப் பிறகு வந்ததுதான் நிஜமான பாடம்.

முதல் பனி இரவில் மலைச்சாலையில் கிளம்பினேன். ஹெட்லைட் டிம்மில், ஃபாக் லைட் இரண்டும் எரிய, வைப்பர் ஓட. வேகமாகப் போகும் இடங்களில் ஆம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் நன்றாகச் சாய்ந்து நின்றது. அடடா, டைனமோ இவ்வளவையும் சுமந்துகொண்டு பேட்டரிக்கும் கொடுக்கிறதே என்று மகிழ்ந்துபோனேன். அப்புறம் பனி அடர்த்தியானது. முன்னால் லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. நாற்பது நிமிடம் முதல் கியரிலும் நியூட்ரலிலுமாகப் போனது. முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்தது, ஆனால் நிலைமை இவ்வளவு மோசம் என்று காட்டவில்லை. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். மறுபடி சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நல்லவேளை, பழைய காருக்கு முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி உண்டு. மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். டிம் லைட் இரண்டும் 7.5 ஆம்பியர், பார்க்கிங், நம்பர் பிளேட் விளக்குகள் 2, இக்னிஷன் 3.5, வைப்பர் 3, ஃபாக் லைட் 9. மொத்தம் 25. என் டைனமோ முழு வேகத்தில் தருவதே 22. அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது மட்டும். ஐடிலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாகச் சுற்றும்போது, தருவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வேடிக்கையைப் பாருங்கள், ஃபாக் லைட் தேவைப்படுவதே மெதுவாக ஊரும்போது, டைனமோ கைவிடுவதும் அப்போதுதான்.

சரி, ஆம்மீட்டர் ஏன் முழுதாக எச்சரிக்கவில்லை? ரிலேக்கான கரன்டை நான் பேட்டரி முனையிலிருந்தே நேரடியாக எடுத்திருந்தேன். டைனமோவிலிருந்து வரும் கரன்ட் ஆம்மீட்டரைத் தாண்டி பேட்டரிக்கு வந்து, அங்கிருந்து ஃபாக் லைட்டுக்குப் போகிறது. விளக்கு குடிக்கும் 9 ஆம்பியரையும் சேர்த்து 'சார்ஜ்' என்று முள் காட்டியிருக்கிறது. ஐடிலில் பேட்டரி அந்த 9 ஆம்பியரைக் கொட்டும்போதோ, அது மீட்டர் வழியாகப் போவதே இல்லை. ஆகவே அந்த 9 முள்ளுக்குத் தெரியவே தெரியாது. மூன்றாம் ஞாயிறு அந்த ஒயரை மாற்றி, ஹெட்லைட் ஸ்விட்சுக்குக் கரன்ட் கிளம்பும் அதே முனையில், ஆம்மீட்டரின் மறுபக்கத்தில் கொடுத்தேன்.

நான்காம் ஞாயிறு, இருட்டியதும் சுவருக்கு முன்னால் 5 மீட்டரில் வண்டியை நிறுத்தி வெளிச்சத்தைச் சரிசெய்தேன். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் நடுவை விட 10 செ.மீ. கீழே விழும்படி வைத்தேன். 50 செ.மீ. உயரத்துக்கு அந்த விளிம்பு 25 மீட்டரில் தரையைத் தொடும். அதற்கு அப்பால் சாலை தெரியாது. 40 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறோம். காலைப் பிரேக்கில் வைப்பதற்குள் ஒரு நொடி போய்விடும், மீதி 14 மீட்டரில் டிரம் பிரேக் நிறுத்த வேண்டும். நான் 30க்கு மேல் போவதில்லை.

இதைச் செய்யும்போதுதான் வலது விளக்கின் கண்ணாடிக்குள் தண்ணீர் நிற்பதைக் கவனித்தேன். தலைகீழாக மாட்டியிருக்கிறேன், வடிகால் துளை மேலே இருக்கிறது. கழற்றித் துடைத்து, திருப்பி மாட்டினேன். பல்பை வெறும் விரலால் தொட்டுவிட்டதால் அதையும் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டியிருந்தது.

மஞ்சள் கண்ணாடி போடவில்லையா என்று கேட்பார்கள். பிரான்சில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால் மஞ்சள் பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பனித்துளி ஒளியின் அலைநீளத்தை விடப் பல மடங்கு பெரிது. எந்த நிறமானாலும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் சிலர் கண்ணுக்கு இதமாக இருக்கிறது, அது வேறு விஷயம். எனக்கு வெள்ளையே போதும்.

இப்போது அடர்பனியில் ஊரும்போது டிம்மை அணைத்து, பார்க்கிங் லைட்டும் ஃபாக் லைட்டும் மட்டும் எரிய விடுகிறேன். சில நாடுகளில் இதற்கு அனுமதி உண்டு, சிலவற்றில் ஹெட்லைட்டும் எரிய வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள். பனி விலகியதும் ஃபாக் லைட்டை அணைத்துவிடுவேன். ஈரச் சாலையில் அந்த வெளிச்சம் பட்டுத் தெறித்து எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். வரிசையில் நின்றுவிட்டால் முள் இடப்பக்கம், அதாவது டிஸ்சார்ஜ் பக்கம், நன்றாகவே சாய்கிறது. அதைப் பார்த்ததும் கை சோக்கைச் சற்று இழுத்து ஐடிலைக் கூட்டுகிறேன், முள் மெல்ல நடுவை நோக்கி நகர்கிறது.