மென்டர் இருந்தும் பெயர் மேலே போகாதது ஏன்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெண்களுக்குத் தவறாமல் கிடைக்கிற அறிவுரை ஒன்று உண்டு: நல்ல மென்டராக, அதாவது வழிகாட்டும் மூத்தவராக, பார்த்துப் பிடித்துக்கொள். ஹெச்ஆரும் ஒரு திட்டம் போடுவார்கள், இவருக்கு இவர் என்று ஜோடி சேர்ப்பார்கள், முதல் சந்திப்பு ஒரு மணி நேரம் ஓடும், இரண்டாவது இருபது நிமிஷத்தில் முடியும், மூன்றாவது தள்ளிப்போகும், அப்புறம் காலண்டரில் அழைப்பு மட்டும் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். அதை ரத்து செய்ய ரெண்டு பேருக்குமே சங்கடம்.

ப்ரொமோஷன் பட்டியலை முடிவு செய்யும் கூட்டங்களில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வேறெங்கோ இருக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது. திரையில் ஒரு எக்ஸெல் ஷீட், ஒரு பெயருக்குச் சில நிமிஷங்கள். ஒரு பையனின் பெயர் வந்தது. அவனுடைய மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் வேறு டீமின் தலைவர், "அந்த மைக்ரேஷன் சொதப்பினப்போ ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சரி பண்ணினது இவன்தானே, கொடுங்க, நான் சொல்றேன்" என்றார். முடிந்தது. அடுத்தது ஒரு பெண். "ரொம்பப் பொறுப்பான பொண்ணு, டீம்ல எல்லாருக்கும் பிடிக்கும்" என்றார் அவளுடைய மேனேஜர். மற்றவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை, என்னையும் சேர்த்து அங்கே ஒருவரும் அவளோடு வேலை பார்த்ததில்லை. எதிர்ப்பு என்று எதுவும் இல்லை. "அடுத்த சைக்கிள்ல பார்க்கலாம்" என்று கர்சர் கீழே இறங்கிவிட்டது. அவளுக்கு ஒரு மென்டர் இருந்தார், நன்றாகவே வழிகாட்டினார், ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வருகிற இடத்தில் அவர் இல்லை.

ஹெர்மினியா இபார்ரா, நான்சி கார்ட்டர், கிறிஸ்டின் சில்வா என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2010-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதியதும் ஏறக்குறைய இதைத்தான். திறமையான பெண்களுக்கு ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை, ஆண்களைவிட ஜாஸ்தி என்றே சொல்லலாம். தன் செல்வாக்கைச் செலவழித்து "இவளுக்குக் கொடுங்கள்" என்று சொல்லும் ஸ்பான்சர்தான் இல்லை.

சரி, அப்படி ஒருவரைத் தேடிப் போய் எனக்காகப் பேசுங்கள் என்று கேட்க முடியுமா? உங்கள் வேலையைப் பார்க்காதவர் எதை வைத்துப் பேசுவார்? அதனால்தான் என்னிடம் கேட்கிற பெண்களிடம் "எனக்கு மென்டராக இருப்பீங்களா" என்று யாருக்கும் மெசேஜ் அனுப்பாதீர்கள் என்கிறேன். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்ட மாதிரி எதிரில் இருப்பவர் திகைத்துப் போவார். "போன காலாண்டில் நீங்கள் போட்ட கெபாசிட்டி ப்ளானைப் பார்த்தேன், எங்கள் டீமுக்கும் அதே மாதிரி ஒன்று போட்டிருக்கிறேன், இரண்டாம் பக்கத்துக் கணக்கு சரியா என்று பத்து நிமிஷம் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வரும். அவர் சொன்னதைச் செய்துவிட்டு, என்ன ஆயிற்று என்று ஒரு வாரம் கழித்து நாலு வரி போடுங்கள். இந்த நாலு வரியைத்தான் யாரும் போடுவதில்லை. உங்கள் பெயர் அந்த ஷீட்டில் வரும்போது அவர் ஞாபகத்துக்கு வரப்போவது அதுதான்.

அவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மேலே பெண்கள் குறைவு, இருக்கிற ஒன்றிரண்டு பேர் தலையிலேயே எல்லோரையும் கட்டினால் அவர்களும் எவ்வளவுதான் தாங்குவார்கள்?

முன்பு கூட வேலை பார்த்து இப்போது வேறெங்கோ போய்விட்டவர்களை, எப்போதாவது "எப்படி இருக்கீங்க" என்று மட்டும் விசாரித்துக்கொள்ளும் ஆட்களை, நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. வேலை மாறியவர்களை மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் விசாரித்தபோது, அவர்களுக்குத் தகவல் கொடுத்தவர்கள் அதிகமும் இந்த ரகம்தான். 1973-ல் அவர் எழுதிய கட்டுரை இதற்குச் சொல்லும் காரணமும் எளிது, நெருங்கினவர்களுக்குத் தெரிந்தது ஏற்கனவே நமக்கும் தெரிந்திருக்கும்.

பெண்களுக்கென்றே உள்ள குழுக்களும் இந்த மாதிரிப் பழக்கங்களுக்குத்தான் உதவுகின்றன. கணினித் துறைப் பெண்களுக்காக, கணினி விஞ்ஞானி அனிதா போர்க் 1987-ல் ஆரம்பித்த 'சிஸ்டர்ஸ்' வெறும் மின்னஞ்சல் வழியாகவே பல நிறுவனத்துப் பெண்களை ஒன்று சேர்த்தது. ஆனால் குழு என்பது நாளைக்கே இல்லாமல் போகலாம். 2011-ல் தொடங்கி உலகம் முழுக்கக் கிளை பரப்பிய, தொழில்நுட்பத் துறைப் பெண்களுக்கான 'விமன் ஹூ கோட்', நிதிச் சிக்கலைச் சொல்லி 2024 ஏப்ரலில் மூடுவதாக அறிவித்துவிட்டது. எந்தக் குழுவில் யாரைப் பழகிக்கொண்டாலும் அவருடைய சொந்த நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், இதையெல்லாம்விட முதலில் தேட வேண்டியது நீங்கள் இருக்கும் அதே படியில், வேறு வேறு டீமில் இருக்கும் நாலைந்து பெண்களை. யாருக்கு என்ன சம்பளம், எந்த மேனேஜரிடம் போனால் வளர விடுவார், எந்த ப்ராஜெக்டில் பேர் கிடைக்காமல் உழைப்பு மட்டும் உறிஞ்சப்படும், இதையெல்லாம் எந்தப் பெரிய மென்டரும் சொல்ல மாட்டார். கூட்டத்தில் ஒருத்தி சொன்ன யோசனையை அடுத்த பத்தாவது நிமிஷம் வேறொருவர் தனதாகச் சொல்லும்போது, "இதைத்தானே அவங்க இப்ப சொன்னாங்க" என்று எடுத்துக் கொடுக்கவும் பக்கத்தில் இப்படி ஒருத்தி வேண்டும். ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த பெண்கள் பேசி வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள். நாமும் பேசி வைத்துக்கொண்டே செய்யலாம், ஒன்றும் தப்பில்லை.

இந்த மாதிரிக் குழுக்களின் சந்திப்புகளை மாலை ஆறரைக்கு மேல் வைப்பவர்களோடு மட்டும் எனக்குத் தீராத சண்டை. வீட்டில் யாராவது காத்திருக்காதவர்கள்தான் அந்த நேரத்துக்கு வர முடியும், அப்படிப்பட்டவர்களுக்கே மறுபடி மறுபடி தொடர்புகள் சேரும். எங்கள் சின்னக் குழுவை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினோம். அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத, கைக்குழந்தைக்காரி ஒருத்தி டப்பாவோடு வந்து உட்கார்ந்து, தன் டீமில் லீட் வேலை ஒன்று காலியாகப் போகிறது, வெளியே அறிவிப்பதற்குள் யாராவது கேட்கிறீர்களா என்றாள்.