பதிவு உறுதி, இருக்கைக்கு உத்தரவாதமில்லை

‘உங்கள் பதிவு உறுதி செய்யப்பட்டது’ என்று மின்னஞ்சல் வந்ததை நம்பி, உலக அரசியல் பற்றிய அந்த உரைக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போனது முதல் தப்பு. இலவச நிகழ்ச்சிக்குப் பதிந்தவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, இருக்கைகளைவிட அதிகமாகவே அனுமதி கொடுக்கிறார்கள். பேசுபவர் பிரபலமான அரசியல்வாதி என்றால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். மின்னஞ்சலின் அடியில் ‘முதலில் வருபவருக்கே இடம்’ என்று பொடி எழுத்தில் இருந்தால், ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வரிசையில் நின்றுவிடுங்கள்.

அடுத்த வம்பு பெயரில். பதிவில் வெறும் இனிஷியல், அடையாள அட்டையிலோ முழுப்பெயர். பட்டியல் வைத்திருந்தவர் “ஓரமா நில்லுங்க” என்றார், அவ்வளவுதான். மேற்பார்வையாளர் வந்து சரிபார்க்க 20 நிமிடம். அதற்குள் பின்னால் நின்றவர்கள் எல்லாம் உள்ளே. அட்டையில் இருப்பதை எழுத்து மாறாமல் பதியுங்கள். கியூஆர் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், கூட்டம் சேர்ந்ததும் நெட்வொர்க் படுத்துவிடும். முதுகுப்பையும் தண்ணீர் பாட்டிலும் சோதனையில் மாட்டும். பையை ஒப்படைக்கத் தனி வரிசை வேறு.

உரை 40 நிமிடம். செய்தித்தாள் படிப்பவருக்குப் புதிதாக ஒன்றுமில்லை. சரக்கெல்லாம் கேள்வி நேரத்தில்தான். மைக் கொண்டுவருபவர் நடுவரிசைக்குள் நுழைய மாட்டார், எனவே நடைபாதை ஓர இருக்கையைப் பிடியுங்கள். நெறியாளர் வாய் திறக்கும்போதே கை மேலே இருக்க வேண்டும்.

ஒருவர் ‘வீட்டோ அதிகாரம் நியாயமா?’ என்று கேட்டார் (ஐ.நா. பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர நாடுகளில் ஒன்று எதிர்த்தாலே தீர்மானத்தை முடக்கிவிடும் அதிகாரம் அது). சீர்திருத்தம், ஒருமித்த கருத்து என்று மூன்று நிமிடம் வழுக்கிக்கொண்டே போனது பதில். நழுவ இடம் தராமல் கேட்க வேண்டும்: ‘வீட்டோ போட்டால் 10 வேலை நாட்களுக்குள் ஐ.நா. பொதுச்சபை கூடி விவாதிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் தீர்மானம் வந்தது. விவாதத்துக்கு மேல் அடுத்த படியாக நீங்கள் எதை ஆதரிப்பீர்கள்?’ 20 விநாடிதான் ஆகும். இப்படிக் கேட்டதற்கு மட்டும் பேச்சாளர் குறிப்புத் தாளைக் கீழே வைத்துவிட்டு யோசித்துப் பேசினார். கேட்டு முடித்த கையோடு மைக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள், துணைக்கேள்விக்கு வாய்ப்பே இல்லை.

முடிந்ததும் செல்ஃபிக்காக மேடைப் பக்கம் ஓடாதீர்கள். பேசியவர் பின்வாசல் வழியாகக் கிளம்பியிருப்பார். நேராகப் பை வாங்கும் வரிசைக்குப் போங்கள், ஐந்து நிமிடம் தாமதித்தால் அங்கேயும் அரை மணி நேரம்.